எமி ஜான்சன்: என் மாணவிகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மகளிர் ஐடிஐ ஒன்றில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு எமி ஜான்சன் கதையைச் சொல்லிவிடுவேன். 1930-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தன்னந்தனியாக விமானம் ஓட்டிப் போன பெண் அவர். மணி அடித்த பிறகும் கேள்விகள் நிற்காது. வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

உலகின் முதல் பெண் விமானி இவர்தானா?

இல்லை. விமானி உரிமம் பெற்ற முதல் பெண் பிரான்சைச் சேர்ந்த ரேமோன்ட் டி லரோஷ். அவர் அதை வாங்கியது 1910 மார்ச் 8-ல். எமிக்கு அப்போது ஆறு வயது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்பதுதான் எமியின் பெருமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்பே, 1929 டிசம்பரில், விமானத்தைப் பழுது பார்த்துப் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் தரைப் பொறியாளர் உரிமத்தை வாங்கிவிட்டார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர். என்னைக் கேட்டால் இந்தப் பொறியாளர் உரிமம் இல்லாமல் அந்தப் பயணமே இல்லை. ஏன் என்று கீழே படிக்கும்போது தெரியும்.

பணக்கார வீட்டுப் பெண்ணா?

வசதியான வீடுதான். ஆனால் கோட்டையும் குதிரையும் வைத்திருந்த குடும்பம் இல்லை. 1903 ஜூலை 1-ல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் துறைமுகத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மீன் மொத்த வியாபாரம். நான்கு பெண்களில் எமி மூத்தவர். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து பி.ஏ. வாங்கினார். பிறகு லண்டனுக்குப் போய் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். காலையில் பஸ், பகல் முழுக்கத் தட்டச்சு, மாலையில் மறுபடி பஸ் என்றே நாட்கள் போயின.

அப்புறம் விமானத்துக்கு எப்படி வந்தார்?

அதுவும் பஸ்ஸில்தான்! 1928-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி பஸ்ஸில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பியவர், லண்டனுக்கு வடக்கே ஸ்டாக் லேன் என்ற விமானத் திடலைப் பார்த்து இறங்கிவிட்டார். லண்டன் ஏரோபிளேன் கிளப் அங்கேதான் இருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சின்ன சின்ன விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். அரசு மானியம் இருந்ததால் மாதச் சம்பளக்காரரும் எட்டிப் பிடிக்கக்கூடிய தொகையாக இருந்தது. அந்த ஆண்டே பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

பிறவியிலேயே திறமை இருந்திருக்குமே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம், பதில் அப்படி. எமி மெதுவாகத்தான் கற்றார். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாக விமானத்தை எடுக்கவிடும் முன் அவருக்கு 15 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் பலருக்கு அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ போதுமாக இருந்தது. கடைசிவரை அவருக்கு நெருடலாக இருந்தது தரையிறக்கம். 1929 ஜூலையில் விமானி உரிமம் கையில் வந்தது.

மெக்கானிக் வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஸ்டாக் லேன் பட்டறையின் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ப்ரீஸ். அந்தக் கொட்டகைக்குள் பெண்கள் வருவது வழக்கமில்லை. எமி விடிந்ததும் போய்விடுவார். அலுவலக நேரம் வரை என்ஜினோடு கிடப்பார், சாயங்காலம் மறுபடியும் வருவார். தரை கூட்டுவதிலிருந்து ஆரம்பித்து, பிளக் கழற்றுவது, வால்வு தேய்ப்பது, இறக்கைத் துணி ஒட்டுவது வரை போனார். பட்டறைக்காரர்கள் ‘ஜானி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் அலுவலக வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் பட்டறைக்கு வந்துவிட்டார்.

பட்டறையில் நிற்கிற எவருக்கும் இது புரியும். முதல் நாள் நம்மை வேடிக்கை பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து, ‘இந்த போல்ட் இறுகமாட்டேங்குது, கொஞ்சம் வாம்மா’ என்று கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடுதல்தான் உண்மையான சான்றிதழ்.

அவர் ஓட்டிய விமானம் எப்படிப்பட்டது?

டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ஜிப்சி மாத். இரண்டு அடுக்கு இறக்கை, திறந்த இருக்கை. உடல் மரமும் பிளைவுட்டும். இறக்கை என்றால் மரச் சட்டத்தின்மேல் லினன் துணியைப் போர்த்தி, ‘டோப்’ என்ற ஒருவகை வார்னிஷைப் பூசி, முரசுத் தோல்போல இறுக்கிய ஒன்று. என்ஜினுக்கு நான்கு சிலிண்டர், 100 குதிரைசக்தி. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண காருக்கே அந்த அளவு சக்தி இருக்கும். வேகம் மணிக்கு 130, 140 கிலோமீட்டர். வானொலி கிடையாது. திசைகாட்டியும் வரைபடமும் கண்ணும்தான்.

எமியுடையது இரண்டாம் கை வண்டி. பதிவெண் ஜி-ஏஏஏஹெச். பச்சை வண்ணம், வெள்ளி நிற எழுத்து. அதற்கு ‘ஜேசன்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கக் கதையில் தங்க ஆட்டுத்தோல் தேடிக் கப்பலில் போனவன் பெயர் அது. ஆனால் எமிக்கு அது அப்பாவின் மீன் வியாபார முத்திரைப் பெயர்! விமானத்தின் பக்கவாட்டில் உபரியாக ஒரு புரொப்பெல்லரையும் கட்டிக்கொண்டார். அது பின்னால் உதவியது.

பணம் யார் கொடுத்தார்கள்?

விமானத்தின் விலை 600 பவுண்டு. பாதியை அப்பா கொடுத்தார். மீதியை எண்ணெய் வியாபாரி வேக்ஃபீல்ட் பிரபு கொடுத்தார். அதற்கு முன் எமி பலருக்குக் கடிதம் எழுதி, பல கதவுகள் மூடியிருந்தன.

புறப்படும் முன் எவ்வளவு அனுபவம் இருந்தது?

சொன்னால் நம்பமாட்டார்கள். அதுவரை அவர் போன மிக நீண்ட தூரம் லண்டனிலிருந்து பிறந்த ஊர் ஹல் வரை, சுமார் 240 கிலோமீட்டர். நம் கணக்கில் சென்னையிலிருந்து சிதம்பரம் தாண்டிக் கொஞ்சம். அங்கிருந்து நேராக 18,000 கிலோமீட்டருக்குத் தாவினார்.

இதை அசட்டுத் துணிச்சல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பறந்த நேரம் குறைவுதான். ஆனால் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய நேரம் அதிகம். வழியில் எது உடையும், உடைந்தால் எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்துதான் கிளம்பினார்.

எந்த வழியாகப் போனார்?

1930 மே 5 காலையில் லண்டனை ஒட்டிய குரோய்டனிலிருந்து கிளம்பினார். வியன்னா, இஸ்தான்புல், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ், கராச்சி, ஜான்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், ஜாவா, தீமோர். மே 24-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின்.

தினமும் ஒரே வேலைதான். விடியும் முன் கிளம்பி, நாள் முழுக்கப் பறந்து, இறங்கியதும் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பது. ஆயில் மாற்றணும், ஃபில்டர் கழுவணும், பிளக் துடைக்கணும். பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டித்தான் ஊற்றணும், தண்ணீரோ தூசியோ போனால் நடுவானில் என்ஜின் நின்றுவிடும். அதன்பின் கிடைத்தால் இரண்டு, மூன்று மணி நேரத் தூக்கம். பறக்கும்போது கூடுதல் டாங்கியிலிருந்து மேல் டாங்கிக்குப் பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து ஏற்ற வேண்டும். குனிந்து பம்ப் அடிக்கும்போது வரும் பெட்ரோல் நெடியில் குமட்டிக்கொண்டு வரும்.

இஸ்தான்புல்லுக்கும் அலெப்போவுக்கும் நடுவே டாரஸ் மலைத்தொடர். சிகரங்களை மேகம் மூடியிருந்தது. மேலே ஏற அந்த வண்டிக்குத் தெம்பில்லை. ரயில் பாதை போகும் கணவாய்க்குள் நுழைந்து, இருபக்கமும் பாறைச் சுவர், நடுவில் இந்தத் துணி இறக்கை என்று கடந்தார். அடுத்து பாக்தாத் போகும் வழியில் மணற்புயல். எதிரே ஒன்றும் தெரியாமல் பாலைவனத்தில் இறக்கினார். காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகாமலிருக்கப் பெட்டி படுக்கைகளைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, என்ஜினுக்குள் மணல் போகாமல் மூடி, கையில் துப்பாக்கியோடு காவல் இருந்தார். தூரத்தில் நாய் குரைக்கும் சத்தம் வேறு. சில மணி நேரத்தில் புயல் அடங்க, மறுபடி கிளம்பினார்.

இந்தியாவுக்கு வந்தாரா?

வந்தார், அதுவும் எப்படிப்பட்ட வாரத்தில்! அவர் குரோய்டனில் கிளம்பிய அதே மே 5-ல்தான் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகக் காந்தியைக் கைது செய்தார்கள். அதே வாரங்களில் ஜே.ஆர்.டி. டாட்டாவும் ஆஸ்பி என்ஜினியர் என்ற இளைஞரும் ஆகா கான் அறிவித்த பரிசுக்காக இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடையதும் ஜிப்சி மாத்தான்.

எமி ஆறே நாளில் கராச்சி வந்து சேர்ந்தார். இங்கிலாந்து–ஆஸ்திரேலியா சாதனையை வைத்திருந்த பெர்ட் ஹிங்க்லருக்குக் கராச்சி வர எட்டு நாள் ஆகியிருந்தது. அதுவரை யாரும் கண்டுகொள்ளாத பெண் அன்று முதல் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தார். மறுநாள் அலகாபாத் போகக் கிளம்பியவர், எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்து ஜான்சியில் ராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே ஓடி இறக்கை இடித்துக்கொண்டது. அதைச் சரிசெய்துகொண்டு கல்கத்தா போனார்.

ரங்கூனில் சட்டையைக் கிழித்து விமானத்தைத் தைத்தார்களாமே, உண்மையா?

உண்மை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொட்டும் மழையில் ரங்கூனின் குதிரைப் பந்தயத் திடலைத் தேடி வந்தார். கண்ணில் பட்டது வேறு திடல். இன்செய்ன் என்ற இடத்திலிருந்த அரசுத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் கால்பந்து மைதானம் அது. அங்கேயே இறக்கினார். விமானம் ஓடிப்போய் ஒரு பள்ளத்தில் விழுந்தது. சக்கரச் சட்டம் நொறுங்கியது, புரொப்பெல்லர் உடைந்தது, இறக்கைத் துணி கிழிந்து தொங்கியது. எமி அழுதுவிட்டார்.

ஆனால் விழுந்தது எங்கே பாருங்கள். ஒரு தொழிற்பள்ளியின் வாசலில்! ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். உடைந்த கம்பிகளையும் மரச் சட்டங்களையும் பட்டறையில் புதிதாகச் செய்தார்கள். புரொப்பெல்லருக்கு, பக்கத்தில் கட்டி வந்த உபரி இருந்தது. துணிக்கு என்ன செய்வது? முதல் உலகப் போர் முடிந்தபின் மிச்சமான விமான லினன் துணியை மலிவாக வாங்கி, அங்கே சிலர் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளின் தையலைப் பிரித்து, துணியை எடுத்து, இறக்கைக்கு ஒட்டுப்போட்டார்கள். டோப் இல்லை. ஊரிலிருந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் அதைக் கலந்து கொடுத்தார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எமி லண்டனில் கிளம்பிய அதே மே 5 இரவில்தான் பர்மாவின் பெகு நகரைத் தரைமட்டமாக்கிய பெரும் நிலநடுக்கம் வந்தது. ரங்கூனிலும் உயிர்ச் சேதம். அன்றைய ரங்கூனில் நம் தமிழர்களும் ஏராளமாக இருந்தார்கள். தங்கள் ஊரே அடிபட்டுக் கிடந்த நேரத்தில், எங்கிருந்தோ வந்து விழுந்த ஒரு பெண்ணின் விமானத்துக்கு அந்த மக்கள் இப்படிக் கை கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளில் ஜேசன் மறுபடி பறந்தது.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா?

இல்லை. ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறக்க வேண்டியதாயிற்று. வீடு கட்ட அளந்து நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். தீமோரில் ஒரு நாள் இரவு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் ‘காணவில்லை’ என்று செய்தி பரவியது. கடைசியாக 800 கிலோமீட்டர் வெறும் கடல். நடுவழியில் ஒரு எண்ணெய்க் கப்பலைப் பார்த்ததும், சரியான பாதையில்தான் இருக்கிறோம் என்ற நிம்மதியில் தாழப் பறந்து கையசைத்தார்.

சாதனையை முறியடித்தாரா?

இல்லை. ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் போயிருந்தார். எமிக்குப் பத்தொன்பதரை நாள். இன்செய்னில் போன நாட்களும் மழையும் அதைப் பறித்துவிட்டன. டார்வினில் இறங்கும்போது தான் தோற்றுவிட்டதாகவே நினைத்திருந்தார். 1934-ல் நியூசிலாந்தின் ஜீன் பேட்டன் 15 நாளுக்குள் அதே தூரத்தைக் கடந்து எமியைத் தாண்டினார்.

பேரும் புகழும் கிடைத்ததா?

தாங்கமுடியாத அளவுக்கு. லண்டன் திரும்பியபோது சாலையில் 10 லட்சம் பேர் கூடியதாகப் பத்திரிகைகள் எழுதின. பிரிட்டிஷ் அரசின் சிபிஇ பட்டம், பத்திரிகை ஒன்றின் 10,000 பவுண்டு, அவர் பெயரில் பாட்டு. அந்தப் பணத்துக்காக ஊர் ஊராகக் கூட்டம் பேச வேண்டியிருந்தது. உடம்பும் மனசும் ஒடிந்து சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். சிட்னி பள்ளிக் குழந்தைகள் சேர்த்துக் கொடுத்த காசை மட்டும் தனியாக வைத்து, ஹல் நகரில் துணிச்சல் காட்டும் குழந்தைகளுக்கு வழங்க ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்.

பிறகு என்ன செய்தார்?

1931-ல் பழைய குரு ஹம்ப்ரீஸோடு மாஸ்கோ வழியாக டோக்கியோ போனார். 1932-ல் விமானி ஜிம் மாலிசனைத் திருமணம் செய்துகொண்டார். சில மாதத்தில் லண்டன்–கேப் டவுன் பயணத்தில் கணவரின் சாதனையையே முறியடித்தார். 1933-ல் இருவரும் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது விமானம் நொறுங்கிக் காயம் பட்டது. 1938-ல் விவாகரத்து.

1935 முதல் 1937 வரை பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். என் மாணவிகள் குறித்துக்கொள்ள வேண்டியது இது.

1939-ல் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்னக் கடல் நீரிணையைக் கடந்து, போர்ட்ஸ்மத்துக்கும் வைட் தீவுக்கும் பயணிகளை ஏற்றிப் போய் வருவது. சில நிமிடப் பயணம். பாதி உலகத்தைக் கடந்தவர் அதையும் ஒழுங்காகச் செய்தார்.

எப்படி இறந்தார்?

1940-ல் போர்க்கால விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலைகளிலிருந்தும் பணிமனைகளிலிருந்தும் விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அதே வேலைக்குப் பெண்களுக்கு ஆண்களைவிட 20 சதவீதம் குறைவான சம்பளம். 1943-ல்தான் சமமாக்கினார்கள், அதைப் பார்க்க எமி இல்லை.

1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள கிட்லிங்டனுக்கு ஓர் ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்ட் விமானத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத் தூரம். வானம் முழுக்க மேகம். நாலு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, பாதையைவிட்டு 150 கிலோமீட்டருக்கு மேல் விலகி, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பாராசூட் இறங்குவதை ஹாஸில்மியர் என்ற கடற்படைக் கப்பல்காரர்கள் பார்த்தார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கப்பலின் தலைவர் வால்டர் ஃப்ளெட்சர் உறைபனித் தண்ணீரில் குதித்தார். எமியைக் காப்பாற்ற முடியவில்லை. ஃப்ளெட்சரைத் தூக்கி எடுத்தார்கள், குளிர் தாங்காமல் அவரும் இறந்துவிட்டார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய பை மட்டும் மிதந்து கிடைத்தது. வயது 37.

ஃப்ளெட்சரின் பெயரையும் நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

சொந்த நாட்டுப் படையே சுட்டுவிட்டதாகச் சொல்கிறார்களே?

1999-ல் ஒரு முன்னாள் பீரங்கிப் படைவீரர் அப்படிச் சொன்னார். கப்பலின் புரொப்பெல்லரில் சிக்கினார் என்றும், கூட இன்னொருவர் இருந்தார், ரகசியப் பணி என்றும் கதைகள் உண்டு. எதுவும் நிரூபணமாகவில்லை. வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து குதித்தார் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்பது.

நம் நாட்டில் இவரைப்போல யாராவது?

சர்லா தக்ரால். 1936-ல் 21 வயதில் சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டினார், அதுவும் ஜிப்சி மாத்! எமியின் ஜேசனும் அதே இனம்தான். சர்லாவுக்குத் தனி வகுப்பே வேண்டும், அடுத்த வாரம் சொல்கிறேன்.

ஜேசன் இப்போது எங்கே?

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், கூரையிலிருந்து தொங்குகிறது. அதே பச்சை வண்ணம், அதே வெள்ளி எழுத்து. போகிறவர்கள் கீழே நின்று அந்த இறக்கையை ஒரு நிமிடம் பாருங்கள். இன்செய்ன் பையன்கள் வேலை செய்தது இந்த விமானத்தில்தான்.